கழுவி வைத்தால்தான் கருவி

அப்பாவின் கப்சாய் மோட்டார் பச்சை நிறம். கடையிலிருந்து வந்தபோது அது நீலம். அப்பா அலோர் காஜாவில் ஒரு கார் பட்டறையில் சாயம் அடிப்பவராக இருந்தார். யாரோ ஒருவரின் காருக்குக் கலக்கி மிஞ்சிய பச்சைச் சாயத்தை வீணாக்க மனமில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், பாகம் பாகமாகக் கழற்றி, தேய்த்து, அடித்துவிட்டார். அந்தப் பச்சை மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துதான் ஆறு வருடம் நான் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். நான் மேற்படிப்புக்குக் கிளம்பிய வருடம் அதை விற்றுவிட்டார்கள். இப்போது எங்களிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அதிலும் பச்சை மங்கிச் சாம்பலாகிவிட்டது.

சென்ற ஆண்டு மலாக்காவில் ஒரு மாடல் கடைக்குள் நுழைந்தபோது, ஹோண்டா சூப்பர் கப்பின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைப் பார்த்தேன். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப்தான் நம் ஊர் கப்சாய்களுக்கெல்லாம் மூத்தது. பெட்டியில் இருந்தது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. முடித்தால் ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் இருக்கும். வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவளுக்கு மாலையில் கொஞ்சம் நேரம் கிடைக்கும். செய்து பார்க்கலாமே என்று வாங்கி வந்தேன்.

பாகங்களை ஒட்டுவது சிரமமாக இல்லை. சாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தூரிகையால் அடித்தால் கோடு கோடாக விழுந்தது. கோட்டை மறைக்க மேலும் அடித்தால் தடித்துப் போனது. அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு, “சாணி மெழுகின மாதிரி இருக்கு மா. இதெல்லாம் காத்துல அடிக்கணும்” என்றார்.

ஏர்பிரஷ் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

ஏர்பிரஷ் என்பது பேனா அளவில் ஒரு ஸ்பிரே கன். உள்ளே நீளமான ஓர் ஊசி, அதன் நுனி உட்காரும் சின்னஞ்சிறு நாசில், மேலே ஒரு விசை. அழுத்தி வரும் காற்று சாயத்தை இழுத்துப் பனித்துளி போல உடைத்து அனுப்பும். அமெரிக்கரான சார்லஸ் பர்டிக் 1892-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழியில்தான் இன்றைய ஏர்பிரஷ்களும் வேலை செய்கின்றன. கேக் அலங்காரம், நக அலங்காரம், ஹெல்மெட் ஓவியம், மாடல் என்று எல்லாவற்றுக்கும் இதுவே.

என் முதல் ஏர்பிரஷ் ஒரு தவறு. 89 வெள்ளிக்கு இணையத்தில் கிடைத்த, பேட்டரியில் ஓடும் கையடக்கத் தொகுப்பு. குழாய் இல்லை, கம்ப்ரசர் இல்லை, வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். காற்றின் அழுத்தத்தை மாற்ற அதில் வழியே இல்லை. காற்றும் சீராக வராமல் விட்டு விட்டு வந்தது. சாயம் தூறலாக விழாமல் எச்சிலாகத் துப்பியது. தவறு என்னுடையதா கருவியுடையதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. புதிதாகக் கற்பவருக்கு இதைவிடக் கெட்டது வேறில்லை. ஒரு மாதத்தில் அதை மூட்டை கட்டினேன்.

இரண்டாவது முறை விசாரித்துவிட்டு வாங்கினேன். நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

விசையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அழுத்தினால் காற்றும் சாயமும் சேர்ந்தே வரும். மற்றொன்றில் அழுத்தினால் காற்று மட்டும் வரும், பின்னால் இழுக்க இழுக்கச் சாயம் வரும். முதல் வகை சுலபம்போலத் தெரியும். ஆனால், பழகுவதானால் இரண்டாவதிலேயே பழகுங்கள். ஒரு வாரம் விரல் தடுமாறும், அப்புறம் சொன்னபடி கேட்கும். சாயம் ஊற்றும் கிண்ணம் மேலே இருப்பதை வாங்குங்கள். சாயம் தன் எடையிலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும், சில சொட்டுச் சாயத்திலும் வேலை நடக்கும், கழுவுவதும் சுலபம். நாசில் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் தொடக்கத்துக்குச் சரி. 0.2 மெல்லிய கோடு போடும், ஆனால் அடிக்கடி அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். 0.5 பெரிய பரப்புக்கு நல்லது.

இன்னொன்றையும் கடையில் கேளுங்கள். “இதற்கு ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைக்குமா?” ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்ற பெயர்பெற்ற கருவிகள் விலை கூடியவை. அவற்றுக்கு உதிரிப் பாகம் வருடக்கணக்கில் கிடைக்கும். பெயர் தெரியாத கருவியும் நன்றாக அடிக்கலாம். ஆனால், நாசில் உடைந்தால் முழுக் கருவியும் குப்பைக்குத்தான்.

நான் 180 வெள்ளிக்குக் கருவியும், அதைவிட இரண்டு மடங்கு கொடுத்துக் கம்ப்ரசரும் வாங்கினேன். கணக்கு தலைகீழாகத் தெரியலாம், ஆனால் அதுதான் சரி. காற்றைச் சேர்த்து வைக்கும் சிறிய டாங்கி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி ஆகிய மூன்றும் கம்ப்ரசரில் இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வடிகட்டி இல்லையென்றால் குழாயில் தண்ணீர் சேர்ந்து, வழவழவென்று வந்த சாயத்தின் நடுவே ஒரு சொட்டு விழும். வேலை முடிந்ததும் டாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

கருவி வந்த அன்று மாலை, அறைக்குள் நான், ஜன்னலுக்கு வெளியே அஞ்சடியில் நாற்காலி போட்டு அப்பா. அவர் உள்ளே வருவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விசையை அழுத்தினேன். வெளியிலிருந்து குரல் வந்தது. “காத்து ஜாஸ்தி மா. சத்தமே சொல்லுது.” அழுத்தமானி 35 பிஎஸ்ஐ காட்டியது. பெரிய கன்னுக்குத்தான் அது சரி, இதற்கு 15 முதல் 20 போதும். குறைத்தேன். மறுபடி துப்பியது. “சாயம் கெட்டி. டின்பால் மாதிரி வெச்சிருக்க. பசும்பால் மாதிரி இருக்கணும்.” அவர் என் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. நான் பத்து வருடமாகக் காதில் ஹெட்போன் மாட்டிச் சம்பாதிக்கிறவள். அவர் காதுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

அன்று முழுக்கப் பழைய நாளிதழில் புள்ளியும் கோடும்தான் போட்டேன். காற்றை முதலில் திறந்து அப்புறம் சாயம், சாயத்தை முதலில் நிறுத்தி அப்புறம் காற்று. இந்த வரிசை மாறினால் நுனியில் சாயம் தேங்கி, அடுத்த முறை துளியாகத் தெறிக்கும். தூரம் நான்கு விரல் அளவு. கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒழுகும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம் ஊசி நுனியில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரப் பஞ்சுக் குச்சியால் அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் கற்றேன். கழுவுவதை மட்டும் அலட்சியமாக விட்டேன். ஒருநாள் அலுப்பில் கிண்ணத்தைத் துடைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் விசை அசையவில்லை. நாசிலைக் கழற்றித் தையல் ஊசியால் குத்தினேன். பிறகு குழாயடியில் பிடித்துக் கழுவினேன். அரிசி அளவுகூட இல்லாத அந்த நாசில் விரலிலிருந்து நழுவித் தொட்டியின் ஓட்டைக்குள் போயே போய்விட்டது. 45 வெள்ளி. புதியது வர இரண்டு வாரம்.

அப்பா திட்டவில்லை. “பட்டறையில புதுப் பையன் வந்தா முதல் ஆறு மாசம் கன் கழுவ மட்டும்தான் விடுவோம். அடிக்கிறது யாருக்கும் வந்துடும். கழுவுறவன்தான் நிப்பான்” என்றார். அவர் முதன்முதலில் வாங்கிய கன் இன்னும் வீட்டில் இருக்கிறது, எண்ணெய்த் துணியில் சுற்றி. விசையை அழுத்தினால் இப்போதும் சிக்காமல் போய்வரும்.

அவர் சொன்ன முறை இது. ஒவ்வொரு நிறம் மாறும்போதும் தண்ணீரோ அந்தச் சாயத்துக்குரிய கரைப்பானோ ஊற்றி, தெளிவாக வரும்வரை அடித்துத் தள்ள வேண்டும். முடிந்ததும் மீண்டும் கொஞ்சம் ஊற்றி, நுனியைத் துணியால் மெதுவாக மூடி விசையை லேசாக இழுத்தால், காற்று பின்னுக்குத் திரும்பிக் கிண்ணத்தில் குமிழி விடும். உள்ளே ஒட்டியது அதில் கிளம்பிவிடும். பிறகு பின் மூடியைத் திறந்து, ஊசியின் திருகைத் தளர்த்தி, நேராகப் பின்பக்கம் உருவ வேண்டும். துடைக்கும்போது அடியிலிருந்து நுனி நோக்கி, உருட்டியபடி. நுனியிலிருந்து அடிக்குத் துடைத்தால் ஊசி வளையும், கையிலும் ஏறும். நுனி மயிரிழை வளைந்தாலும் சாயம் ஒரு பக்கமாகச் சாயும். திரும்ப மாட்டும்போது தானாக நிற்கும் இடத்தில் விட்டுவிட வேண்டும். பலமாகத் தள்ளினால் நாசில் பிளந்துவிடும். முழுக் கருவியையும் தின்னரில் ஊற வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கழுவும் திரவமும் வேண்டாம். அது பித்தளையை அரிக்கும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். தொட்டியின் ஓட்டையை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இது மட்டும் என் அனுபவம்.

அப்பா ஏன் உள்ளே வருவதில்லை என்பதற்கு வருகிறேன்.

இருபத்தாறு வருடம் சாயம் அடித்த மனிதர், கன்னைக் கழுவாமல் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால், முகத்தில் கட்டியதெல்லாம் ஒரு கைக்குட்டைதான். கார்களுக்கு அடிக்கும் இரண்டு கலவைச் சாயத்தில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டால், அப்புறம் மிகச் சிறிய அளவு பட்டாலே நெஞ்சு இறுகும். அப்பாவுக்கு முதலில் இரவில் மட்டும் இருமல். விடுமுறையில் குறையும், வேலைக்குப் போனால் கூடும். பனி என்றார், தூசி என்றார். மருத்துவர் வேலையைப் பற்றிக் கேட்டபோது காலம் கடந்துவிட்டது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலால் வரும் நோய்க்கும் சொக்சோவில் கோரிக்கை வைக்கலாம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் சாயம் அடிப்பவரோ வெல்டிங் செய்பவரோ இருந்தால், வேலை நாளில் மட்டும் கூடும் இருமலைச் சும்மா விடாதீர்கள்.

இப்போது அவர் சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர். தின்னர் வாடை பட்டாலே இளைப்பு வந்துவிடும். அதனால்தான் ஜன்னலுக்கு வெளியே அஞ்சடி.

எனவே என் பட்டியலில் ஏர்பிரஷுக்கு முன்னால் முகமூடி வருகிறது. மருந்துக் கடையில் வாங்கும் மெல்லிய முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி அடைத்த கேட்ரிட்ஜும், அதன்மேல் துகள் வடிகட்டியும் உள்ள முகமூடி வேண்டும். கேட்ரிட்ஜை நாள் பார்த்து மாற்ற வேண்டும். தண்ணீர்ச் சாயம்தானே என்று நினைக்காதீர்கள். தூறலாகப் பறக்கும் எந்தச் சாயமும் நுரையீரலுக்குப் புதியதுதான். வாடையை வெளியே தள்ளும் விசிறி வைத்த பெட்டி ஒன்றும் வேண்டும். ஜன்னல் பக்கம் யாரும் உட்காரவில்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விசிறி ஓடும்போது அப்பா முன்வாசலுக்குப் போய்விடுவார். ஹார்டனர் கலக்கும் கார்ச் சாயத்தை வீட்டில் தொடவே தொடாதீர்கள். என் பிழைப்பே மூச்சில்தான் ஓடுகிறது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

பச்சை கிடைக்க மூன்று மாலை ஆனது. ஐஸ்கிரீம் குச்சிகளில் அடித்து, காய்ந்த பிறகு ஜன்னல் வழியாக நீட்டுவேன். அவர் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “இன்னும் ஒரு சொட்டுக் கருப்பு.” “மஞ்சள் ஏறிடுச்சு.” “வெள்ளி கொஞ்சம் போடு, மினுக்கு இருந்துச்சு.” பதினோராவது குச்சியைத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் இன்ஹேலர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்று மெல்லிய பூச்சு. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. நான்காம் நாள் மோட்டாரைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். இருக்கைக்குக் கீழே லேசாக ஒழுகிய ஓர் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். எனக்கும் அது தெரிந்தே இருந்தது.

“பரவால்ல” என்றார். பிறகு, “கன்ன கழுவிட்டியா?”

கழுவவில்லை. எழுந்து உள்ளே போனேன்.