கூட்டுக்குள் எத்தனை மணி நேரம்

இரத்தினபுரிப் பக்கம் பெல்மதுளையைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. ஆனால் அது பெரும்பாலும் வாசல் நாய்; இஸ்தோப்பு வரைக்கும்தான் அதற்கு உரிமை. குட்டியாக இருக்கும்போது மட்டும் பிள்ளைகள் அதைக் காம்பராவுக்குள் தூக்கி வருவார்கள். இரண்டு நாள் தரை நனைந்ததும் அடி விழும், மூன்றாம் நாள் குட்டி வெளியே போகும். கொஞ்சம் வசதியானவர்கள் இப்போது கொழும்பு வீடுகளைப் பார்த்துக் கம்பிக்கூடு வாங்குகிறார்கள். குட்டியை அதில் விட்டுப் பூட்டினால் பழக்கம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். கூட்டை வைத்துப் பழக்குவது நல்ல முறை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் கூடு எதையும் கற்பிப்பதில்லை. குட்டியை எப்போது வெளியே தூக்கிப் போக வேண்டும் என்பதை அது நமக்குத் தெரியப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் தூக்கிப் போக ஆள் இல்லாத வீட்டில் கூடு பயன்படாது; சில சமயம் கேடும் செய்யும்.

காரணம் குட்டியின் உடலில் இருக்கிறது. பிறந்து ஏறக்குறைய 3 வாரம் வரை தாய் நக்கிக் கொடுத்தால்தான் குட்டி மலசலம் கழிக்கும். படுக்கையைச் சுத்தமாக வைத்திருப்பதும் தாய்தான். காலூன்றி நடக்கத் தொடங்கியதும் குட்டி படுத்த இடத்தை விட்டுத் தானாக விலகிப் போய்க் கழிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வரும் இந்தச் சுபாவத்தைத்தான் கூடு பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் கூடு நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் தூங்கும். ஆனால் இந்த அடக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2 மாதக் குட்டி விழித்திருக்கும்போது 2 மணி நேரம் தாங்கினாலே பெரிது. வயதை மாதத்தில் எண்ணி அதோடு 1 கூட்டினால் வரும் மணிக்கணக்கை உச்ச வரம்பாக வளர்ப்போர் சொல்வார்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், ஓடி விளையாடியதும் அதுவும் செல்லாது. உடனே தூக்க வேண்டும். வரம்பைத் தாண்டி அடைத்து வைத்தால் குட்டி வேறு வழியின்றிப் படுத்த இடத்திலேயே கழிக்கும். அப்படிச் சில நாள் நடந்தால் படுக்கையை அசுத்தப்படுத்தக் கூடாது என்ற சுபாவமே மங்கிப்போகும். பிறகு எந்தக் கூடும் உதவாது.

கூட்டில் அடைப்பது கொடுமை என்பவர்களின் பேச்சைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். சுவீடனிலோ, பயணம், போட்டி போன்ற தேவைகளைத் தவிர வீட்டில் நாயைக் கூட்டில் அடைத்து வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. கூட்டை வசதிக்காக நாள் முழுதும் பூட்டி வைக்கும் பழக்கத்துக்கு அது சரியான பதில். ஆனால் நம் ஊரில் கூட்டுக்கு மாற்றாக இருப்பது சுதந்திரம் அல்ல, சங்கிலி. இஸ்தோப்புத் தூணில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கட்டிக் கிடக்கும் நாய், நின்ற இடத்திலேயே கழித்து அதன் மேலேயே படுக்கிறது. அதைக் கண்டு பழகிய கண்ணுக்குக் கூடு மட்டும் கொடுமையாகப் படுவது நியாயமில்லை. கதவைத் திறந்தே வைத்து, பழைய சாக்கை விரித்து, சோற்றை உள்ளே வைத்துக் குட்டியைத் தானாக நுழையப் பழக்கி, மணிக்கணக்கை மீறாமல் நடத்தினால் அது அதன் படுக்கைதான். கோபத்தில் தண்டனையாக உள்ளே தள்ளினால் அன்றே அது சிறையாகிவிடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. பால்வெட்டுக்கும் கொழுந்துக்கும் விடியலில் கிளம்பும் குடும்பத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டியைத் தூக்கிப் போக யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. கூட்டைப் பற்றிச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை வீட்டில் ஒருவர் எப்போதும் இருப்பதாக எண்ணிச் சொல்லப்படுபவை. தோட்டத்து வீட்டில் கூட்டை இரவுக்கும் ஆள் இருக்கும் நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி. பகலில் கொல்லைப்புறம் நிழலில் கோழிவலையால் ஓர் அடைப்புப் போட்டு, ஒரு பக்கம் படுக்கை, மறு பக்கம் மண் தரை என்று விட்டால் குட்டி தன் சுபாவப்படியே விலகிப் போய்க் கழிக்கும். வீட்டில் பாட்டியோ, மதியம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையோ இருந்தால் அதுவே பாதி வெற்றி. அதுவும் இயலாதவர்கள் குட்டி எடுப்பதை 5, 6 மாதம் தள்ளிப் போடலாம், அல்லது வளர்ந்த நாயை எடுக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

10க்கு 12 அடிக் காம்பராவில் மனிதருக்கே இடம் போதாதபோது நாய்க்கு எதற்கு இத்தனை பாடு என்று சிலர் கேட்பார்கள். இடம் குறைவாக இருப்பதால்தான் இந்தப் பாடு தேவை; நாய் கழிக்கும் மண்ணைத்தான் பிள்ளைகளும் மிதிக்கிறார்கள். நாய், பூனை, மனிதர் மூவரையும் தொற்றி மனிதக் குடலிலேயே முதிர்ச்சி அடையக்கூடிய ஒரு கொக்கிப்புழு 1911இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது, இலங்கையில் கிடைத்த புனுகுப்பூனையிலிருந்து எடுத்து. இந்தத் தீவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது: அன்சைலோஸ்டோமா சிலானிக்கம். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் மலத்தோடு விழும் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய புழுவாகிவிடும். வெறுங்காலே அதற்கு வாசல். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தைவிட அதற்கு உகந்த மண் வேறெங்கே? 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்து கொடுத்துக் குணமானவர்களுக்கே மறுபடியும் தொற்றியது. மலசலகூடம் இல்லாத லயத்து மண்ணிலேயே புழு காத்திருந்தது. நாய் எங்கே கழிக்கிறது என்பதும் அதே கணக்குத்தான். லயத்து வாசலெங்கும் சிதறினால் அள்ளவே முடியாது. ஒரே இடத்தில் கழிக்கப் பழகிவிட்டால் ஒருவர் அன்றன்றைக்கே அள்ளிக் குழியில் போட்டுவிடலாம். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் வாசலுக்கு இது சாதாரணப் பலனா? இதோடு குட்டிக்குப் புழு மருந்தும் வேண்டும். பழக்கம் மட்டும் போதாது.

அந்த ஒரே இடத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். 8 வார வயதை ஒட்டி, எந்தத் தரையில் கழிப்பது என்ற விருப்பம் குட்டிக்குப் படியத் தொடங்குகிறது. அந்த நாட்களில் சீமெந்துத் தரையில் கழித்தே பழகிய குட்டி பிறகும் சீமெந்தையே தேடும். பத்திரிகைத் தாள் விரித்துப் பழக்குவது நகரத்து மாடி வீட்டுக்குச் சரி. வாசலில் மண் இருக்கும் நமக்கு அது இரட்டை வேலை. ஊர் நாய்கள் வந்து போகும் மூலையும் கூடாது. அவற்றின் மலத்தோடு விழக்கூடிய, குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசிகள் முடியும் வரை வேலி போட்ட சிறு துண்டு நிலமே பாதுகாப்பு. மழைக்காலத்தில் தாழ்வாரத்து ஓரம் தகரம் இறக்கி அதன் கீழ் கொஞ்சம் மண் கொட்டி வைத்தால், நனைய மறுக்கும் குட்டியோடு நள்ளிரவில் போராட வேண்டியதில்லை.

தவறிக் காம்பராவில் கழித்துவிட்டால் மூக்கைத் தேய்த்து அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சில நிமிடத்துக்கு முன் செய்ததோடு இந்த அடியைக் குட்டியால் இணைத்துப் பார்க்க முடியாது. மனிதர் கண்ணில் படும்போது கழிப்பது ஆபத்து என்பதை மட்டுமே கற்றுக்கொள்ளும். பிறகு கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கும், வெளியே தூக்கிப் போனாலும் நம் முன்னால் அடக்கிக்கொள்ளும். கழித்த இடத்தை வாடை போகக் கழுவிவிட்டு, அடுத்த முறை அரை மணி முன்னதாகத் தூக்கிப் போவதுதான் செய்யக்கூடியது. இரவு படுக்கும் முன் ஒரு தடவை, நடுச்சாமத்தில் ஒரு தடவை, விடியலில் பெரட்டுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை என்று எழுந்து தூக்கிப் போனால், நாளாக ஆக நடுச்சாமத்து முறை தேவையில்லாமல் போகும். கூட்டின் கதவையும் அப்போது கழற்றி வைத்துவிடலாம்.