அழிக்காத கரும்பலகை



பதின்மூன்றிலிருந்து ஒன்பதைக் கழிக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இங்கே ஜப்பானில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். 13−9க்குப் பதில் 11−2 என்று கொடுத்தால் பிள்ளை விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணி விடை சொல்லிவிடும். பத்தின் பக்கமே போகாது. 13−9 என்றால் அப்படி எண்ணுவது அலுத்துவிடும். பத்திலிருந்து ஒன்பதை எடுத்தால் மிச்சம் ஒன்று, அதோடு மூன்றைச் சேர்த்தால் நான்கு என்ற வழி அப்போதுதான் தட்டுப்படும். கணக்கு வாத்தியாருக்குப் பயந்தே வளர்ந்த எனக்கு இதெல்லாம் புதுச் செய்தி.

இந்தப் பேச்சு நடக்கும் இடம் ஜுக்யோ கென்க்யூ, அதாவது பாட ஆய்வு. மெய்ஜி பேரரசர் காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்துக்குத் திட்டம் எழுதுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் ஓரமாக நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள்: எவன் எங்கே தடுக்கினான், எவள் யாரும் நினைக்காத வழியில் போனாள் என்று குறிப்பெடுப்பார்கள். கரும்பலகையில் எழுதியதைப் பெரும்பாலும் கடைசிவரை அழிப்பதில்லை. பாடம் போன பாதை முழுவதும் கண்முன் நிற்கும். பிறகு உட்கார்ந்து அலசல். திட்டம் எல்லோரும் சேர்ந்து போட்டது, அதனால் குறையும் எல்லோருக்கும் பொது. திருத்திய திட்டம் எழுத்தில் தங்கும். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒருவரின் கைப்பழக்கத்தில் மட்டும் இருக்கும் அறிவைப் பலர் கைக்கு மாற்றுவது எப்படி என்று மேலாண்மை அறிஞர்களான நோனாகாவும் தாகெவுச்சியும் 1995இல் புத்தகம் எழுதினார்கள். அவர்கள் பேசியது ஜப்பானியக் கம்பெனிகளைப் பற்றி. பள்ளிக்கூடங்கள் அதை எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டன.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே நடுநிலைப்பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்கிறார் என்றது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடியின் 2018ஆம் ஆண்டு ஆய்வு. அதில் கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். பாட ஆய்வு வெறும் சடங்காகிவிட்ட பள்ளிகளும் உண்டு.

ஊரில் ஆசிரியராக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், உங்களுக்குச் சரியாக வராத ஒரு பாடத்தை எடுத்துவைத்துப் பேசுங்கள். ஓய்வுபெறப் போகிறவரை முதலில் பேசவிடுங்கள். ஒருவர் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளட்டும்.