வெண்பரப்பில் ஒரு பட்டம்

நார்வே நாட்டின் தென்பகுதியில் ஹர்டாங்கர்விட்டா என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. சராசரியாக 1100 மீட்டர் உயரத்தில் அமைந்த இதனைப் போன்ற பெரிய மலைச்சமவெளி ஐரோப்பாவில் வேறில்லை என்பர். 1909-இல் திறக்கப்பட்ட ஆஸ்லோ – பெர்கன் இருப்புப்பாதை இதன் வடபுறத்தைத் தழுவிச் செல்கின்றது. அப்பாதையின் மிக உயரமான நிலையம் ஃபின்சே. உயரம் 1222 மீட்டர். அவ்வூருக்குப் பொதுச்சாலை கிடையாது, தொடர்வண்டியே வழி. தென்துருவப் பயணத்துக்குப் புறப்படுமுன் ஷாக்கிள்டன் தம் கருவிகளை 1914-இல் இங்குதான் கொணர்ந்து சோதித்தார். இன்று மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்நிலையங்களில் இறங்குவோர் சிலருடைய முதுகுப் பையில், மடித்து வைத்த பெரிய பட்டம் ஒன்று இருக்கும்.

காலில் பனிச்சறுக்கு மட்டைகளைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பட்டத்தைப் பூட்டிக்கொண்டு, காற்றால் இழுக்கப்பட்டுச் செல்லும் விளையாட்டு இது. பனிப்பட்டச் சறுக்கு எனலாம். தமிழில் ‘பனி’ என்னும் ஒரு சொல்லே மார்கழி விடியலின் துளியையும் துருவத்தின் வெண்பொடியையும் குறிக்கின்றது. மலைச்சமவெளியில் நிற்பவருக்கு அது போதாது. பொடிப்பனி, காற்று வரி வரியாக இறுக்கிய பனி, பகலில் இளகி இரவில் உறைந்த மேலோடு, ஏரியின் பனிக்கட்டி ஆகிய ஒவ்வொன்றும் காலுக்கடியில் வேறுவேறு நிலமாகும்.

பட்டத்தைக் கொண்டு பாரம் இழுக்கும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போக்காக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826-இல் காப்புரிமை பெற்றார். 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த நான்சென் குழுவினர், சறுக்குவண்டிகளைப் பிணைத்து அவற்றின்மேல் பாய் கட்டினர். 2010-இல் அதே கிரீன்லாந்தில் செபாஸ்டியன் கோப்லாண்ட், எரிக் மக்நேர்-லாண்ட்ரி ஆகிய இருவர், பட்டத்தின் துணையால் 24 மணி நேரத்தில் 595 கிலோமீட்டர் சென்றனர். புதிதாகக் கற்பவரை இத்தகைய செய்திகளே முதலில் ஈர்க்கின்றன. அவருடைய முதல் நாளோ, நின்ற இடத்தைவிட்டு நகராமலே கழியும்.

சறுக்கு மட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று சதுரமீட்டர்ப் பயிற்சிப் பட்டத்தை ஏற்றி இறக்குவதே முதற்பாடம். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முன்னே, இடமிருந்து வலமாகத் தலைக்குமேல் வளையும் ஒரு கால்கோளத்தைக் கற்பனை செய்க. பட்டம் பறக்கக்கூடிய வெளி அவ்வளவே. அதற்குக் காற்றுச் சாளரம் என்று பெயர். அதன் விளிம்புகளிலும் உச்சியிலும் இழுப்பு மெலிந்திருக்கும். நேர் எதிரே, தாழ்வாக உள்ள நடுப்பகுதியில்தான் முழு வலிமையும் குவிந்துள்ளது. ஆதலால் பட்டத்தை எப்போதும் விளிம்பிலிருந்தே ஏற்றுவர். நடுப்பகுதியில் ஏற்றினால், அது எழும் நொடியிலேயே மனிதரையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்றில் பணிவாக நடந்த அதே பட்டம், 10 மீட்டர்க் காற்றில் முற்றிலும் வேறொரு பொருளாக மாறுகின்றது. கடலில் இவ்விளையாட்டைப் பழகியோர் பனிக்கு வரும்போது இதனை மறந்துவிடுவதுண்டு. நீரைவிடப் பனியில் உராய்வு மிகக் குறைவாதலால், அங்கே தேவைப்பட்டதைவிடச் சிறிய பட்டமே இங்குப் போதுமானது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். ஃபின்சேயைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. குளிர் கூட்டிய அடர்த்தியை மலையின் உயரம் பெரும்பாலும் கழித்துவிடுகின்றது. தாழ்நிலத்து உறைந்த ஏரிகளில்தான் அவ்வேறுபாடு கைக்குத் தெரியும்.

அடுத்த பாடமே கடினமானது. பட்டத்தின் கயிறுகள் ஏறத்தாழ 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ளவை. அவை கையிலுள்ள பிடிகோலில் வந்து சேர்கின்றன. பிடிகோலைத் தம்பால் இழுத்தால் பட்டம் வலிமை பெறும். விட்டால் வலிமை இழக்கும். ஆனால் நிலைதடுமாறும் மனிதர் இயல்பாகச் செய்வது என்ன? கையில் அகப்பட்டதை இறுகப் பற்றித் தம்மிடம் இழுப்பதே. மரக்கிளையோ படிக்கட்டின் கைப்பிடியோ ஆயின் அது உயிர்காக்கும். இங்கோ, அஞ்சி இழுக்க இழுக்கப் பட்டம் மேலும் சீறும். சீறச் சீற அச்சம் மிகும். பிறவியிலேயே அமைந்த ஓர் அனிச்சைச் செயலை மாற்றிப் பழகுவது நூலைப் படித்து வருவதன்று. கை அறியும்வரை செய்து பார்க்க வேண்டும். கைவிட்டும் அடங்காத நிலையில் இழுப்பதற்கென விடுவிப்பான் ஒன்று பூட்டில் உண்டு. தேர்ந்த பயிற்றுநர், கற்பவரின் கையுறைக் கை பார்வையின் துணையின்றியே அதனைத் தேடிப் பிடிக்கும்வரை சறுக்கு மட்டையைத் தொடவிடுவதில்லை. இவ்வளவு பொறுமை வேண்டுமா என்று கேட்போரும் உளர். தனியே கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் அவர்களே.

அதன்பின் நகர்தல் விரைவில் வந்துவிடும். பட்டத்தை எட்டு வடிவில் சுழற்றி விசை பெறுவதும், மட்டையின் ஓரத்தைப் பனியில் அழுத்தித் திசை காப்பதும் ஓரிரு நாள்களில் கைகூடும். காற்றை எதிர்த்துச் சாய்வாக மேலேறக் கற்பதற்கே நாளாகும். அது கைவராதவர் காற்றின் போக்கிலேயே தொலைவு செல்லுதல் ஆகாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கால்மணி நேரம் மகிழ்ந்து சென்றால் 10 கிலோமீட்டர் ஆகிவிடும்; திரும்பி நடக்க மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். அதற்குள் பொழுது சாயலாம், மூடுபனி இறங்கலாம். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்னும் பழமொழி இங்கே பாதி வழிக்குத்தான் துணைவரும்.

இடந்தேர்தல் இக்கலையின் மறுபாதி. தொடர்வண்டியாலும் ஏழாம் எண் நெடுஞ்சாலையாலும் எளிதில் அடையத்தக்க ஹௌகஸ்டோல் பலரும் தொடங்கும் இடம். விரிந்த உறைந்த ஏரி, மென்சரிவுகள், தடையற்ற காற்று ஆகியவை அங்குள்ளன. சுவிட்சர்லாந்தில் சில்வபிளானா ஏரியும், பிரான்சில் 2058 மீட்டர் உயரத்துள்ள லோட்டாரே கணவாயும் இவ்வகையில் புகழ் பெற்றவை. பெயர்பெற்ற இடமென்று சென்றால் மட்டும் போதாது. அன்றைய காற்றுக்கு அவ்விடம் பொருந்துகிறதா என்று பார்த்தல் வேண்டும். குன்றுக்குப் பின்புறம் நிற்பவருக்குக் காற்று அமைதியாகத் தோன்றும்; உண்மையில் அங்கே அது சுழன்று புரளும், பட்டம் திடீரென்று சரிந்து திடீரென்று எழும். காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் திறந்திருத்தல் நன்று. இருப்புப்பாதை மின்மயமானது, அதன் கம்பிகள் பட்டத்துக்குக் காலனாம். குளிர்கால வழித்தடங்களைக் காட்டப் பனியில் நட்டு வைத்த குச்சிகளும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பனிச்சரிவு நேரக்கூடும். சரிவின் அடிவாரத்தில் நிற்பவருக்கும் அந்த இடர் உண்டு.

ஏரி தட்டையாக இருப்பதால் பாதுகாப்பானது என்று கருதுதல் இயல்பு. தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் தடித்திருந்தால் ஒருவரைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. வெண்ணிறக் கட்டியாயின் இருமடங்கு வேண்டும். ஆறு வந்து கலக்கும் வாயிலும் நீர் வெளியேறும் இடத்திலும் ஏரி குறுகும் இடத்திலும் அக்கணக்குப் பொய்க்கும். மேலே படிந்த பனி கம்பளிபோல் குளிரைத் தடுத்து, அடியிலுள்ள கட்டியைத் தடிக்கவிடாது. மின்உற்பத்திக்காக நீரைத் திறந்துவிடும் ஏரிகளிலோ, நீர்மட்டம் தாழ்ந்து கரையோரக் கட்டி பிளந்திருக்கும். உள்ளூர் மக்கள் கழுத்தில் இரு சிறு ஆணிப்பிடிகளைத் தொங்கவிட்டுச் செல்வது, விழுந்தால் கட்டியில் குத்தி ஏறுவதற்கே. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏரியில் கால்வைப்பது துணிவாகாது.

திறந்தவெளியில் எவரும் நடமாடலாம் என்னும் உரிமையை நார்வே 1957-இலேயே சட்டமாக்கியது. எனினும் ஹர்டாங்கர்விட்டாவில் காட்டுக் கலைமான்கள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. கடுங்குளிரில் உணவு அரிது. வானில் அசையும் பட்டத்தைக் கண்டு அவை மிரண்டு ஓடினால், சேர்த்துவைத்த உடல்வலிமை வீணாகும். ஆதலால் பட்டம் ஏற்றும் இடங்களுக்கு வரையறை உண்டு. அதனைக் கேட்டறிந்து செல்வது விருந்தினரின் கடன்.

நாள் முடியும் வேளையில் பட்டத்தைச் சாளரத்தின் விளிம்புக்குக் கொணர்ந்து மெல்ல இறக்குவர். இறங்கிய பட்டமும் உறங்குவதில்லை. சிறு வீச்சுக்கே மீண்டும் எழப் பார்க்கும். பிடிகோலைக் கீழே ஊன்றிவிட்டு, கயிற்றின் ஓரமாகவே நடந்து சென்று, அதன் பின்விளிம்பில் கைநிறையப் பனியை அள்ளிப் போடுவர். கடற்கரையில் மணல் செய்யும் வேலையை இங்கே பனி செய்கின்றது. துணியினுள் நிறைந்திருந்த காற்று மெல்ல வெளியேறி, அது தரையோடு தரையாகப் படிந்தபின்னரே கயிறுகளைச் சுற்றத் தொடங்குவர்.