தந்தையார் விட்டுச் சென்றது

எங்கள் தந்தையார் 44 வயதில் மாரடைப்பால் மறைந்தார். மெலிந்த தேகம்; புகையும் மதுவும் அறியாதவர். "விதி" என்றனர் உறவினர், நாங்களும் நம்பினோம். அவருடைய குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்துப் புடைத்திருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஈராண்டுகளுக்கு முன் அண்ணனுக்கு 41 வயதில் நெஞ்சுவலி கண்டது. நல்ல வேளையாகப் பிழைத்தார். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 290 இருந்தது. மருத்துவர் அவர் குதிகாலைத் தடவிப் பார்த்து, தந்தையார் இறந்த வயதைக் கேட்டார். "இது உணவால் மட்டும் வந்ததன்று, பரம்பரையாக வந்தது" என்றார்.

இக்கொழுப்பை இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொள்ளும் வாங்கிகள் கல்லீரலில் உள்ளன. மரபணுக் குறையால் அவை குன்றினால், பிறப்பு முதலே இரத்தத்தில் கொழுப்பு மிகுகின்றது. இதனைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி.

ஆகவே வீட்டார் அனைவரும் இரத்தம் சோதித்துக்கொண்டோம். தங்கைக்கும், அண்ணனின் பத்து வயது மகளுக்கும் குறை இருந்தது. "சிறு பெண்ணுக்கு வாழ்நாளெல்லாம் மாத்திரையா?" என்று அன்னையார் கலங்கினார். "உங்கள் கணவருக்கு இதைச் சொல்வாரில்லை, அம்மா. பேத்திக்குக் காலத்தோடு தெரிந்துவிட்டதே!" என்றார் மருத்துவர். பத்தியம் மட்டும் போதாதென்று ஸ்டாட்டின் மாத்திரை தந்தார். அண்ணனுக்கு எசெட்டிமைபும் சேர்த்தார்.

இன்று இரவுதோறும் பேத்திக்கு மாத்திரையும் நீரும் எடுத்துக் கொடுப்பவர் அன்னையாரே.

வாசக அன்பர்களே, உங்கள் குடும்பத்தில் 55 வயதுக்குள் ஆணுக்கோ 60 வயதுக்குள் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்திருப்பின், விதியென்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் இரத்தத்தையும் சோதியுங்கள்.