பாட்டி அறையிலேயே இருந்தார்



விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ‘நான் கழித்த விடுமுறை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நம் ஆசிரியர்களின் நீண்டநாள் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான்காம் ஆண்டில் பயின்ற என் மகளுக்கும் அதே தலைப்பு வந்தது. எழுதி முடித்ததும் திருத்தித் தருமாறு என்னிடம் நீட்டினாள். நானும் வழக்கம்போல் சிவப்புப் பேனாவுடன் அமர்ந்தேன்.

“நாங்கள் மலாக்காவுக்குச் சென்றோம். ஆற்றில் படகில் போனோம். செண்டோல் சாப்பிட்டோம். பாட்டி அறையிலேயே இருந்தார்.”

நான்காவது வாக்கியத்தில் ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆயினும் என் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

மலாக்காவில் நாங்கள் தங்கிய விடுதியைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். இணையத்தில் கண்ட படங்கள் என்னை மயக்கிவிட்டன. பழங்காலத்துப் பூவேலைத் தரை ஓடுகள், மரச் சன்னல்கள், வேலைப்பாடு மிக்க கட்டில். வாடகையும் கட்டுப்படியாக இருந்தது. உடனே பணத்தைச் செலுத்திவிட்டேன். எங்கள் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது என்பதும், அங்கே மின்தூக்கி இல்லை என்பதும் பெட்டிகளோடு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தன. முழங்கால் வலியுள்ள என் தாயார், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். மறுநாள் காலையில், “நீங்கள் போய் வாருங்கள். எனக்கு இங்கேயே நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். அந்த அறைக்குச் சன்னல்கூடக் கிடையாது. இரண்டு நாள்களும் அவருக்கு உணவுப் பொட்டலம் வாங்கிச் சென்று கொடுத்தோம். அதைக் குறையாக நான் அப்போது உணரவில்லை. என் மகள் உணர்ந்திருக்கிறாள்.

அடுத்த விடுமுறைக்குப் பினாங்கு என்று முடிவாயிற்று. என் தாயார் பிறந்து வளர்ந்த ஊர் ஜோர்ஜ்டவுன். 1833ஆம் ஆண்டு கட்டப்பட்ட குயின் வீதி மாரியம்மன் ஆலயத்தில் மீண்டும் ஒரு முறை வழிபட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம்.

கடற்கரையோரமாக உள்ள பெரிய விடுதியில் தங்கலாம் என்றார் என் கணவர். பத்து பெரிங்கியில் மின்தூக்கியும் நீச்சல் குளமும் உள்ள விடுதிகள் பல உண்டு. ஆனால் அங்கிருந்து நகருக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு முறையும் காரில் ஏறி, வளைந்து செல்லும் சாலையில் நெரிசலோடு வரவேண்டும். வந்தபின், களைப்பு மேலிட்டால் சற்றுப் படுத்து எழவும் இடமிராது. மீண்டும் “நீங்கள் போய் வாருங்கள்” என்பார். ஆகவே, நகருக்குள்ளேயே ஒரு சிறிய விடுதியைத் தேடலானேன். இம்முறை படங்களை ஓரமாக வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

ஜோர்ஜ்டவுனின் சிறிய விடுதிகளுள் பல, பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து உருவாக்கப்பட்டவை. கடைவீடு என்பது முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும். இருபுறமும் பொதுச்சுவர் ஆதலால், நடுவில் அமையும் அறைகளுக்குச் சன்னல் இல்லாமற் போவதுண்டு. முற்றத்தை ஒட்டிய அறைக்கே வெளிச்சமும் காற்றும் கிட்டும். மாடிப்படிகள் செங்குத்தானவை. மரத்தளம் என்பதால் மேல்மாடியில் நடக்கும் காலடியோசை கீழே கேட்கும். அழகும் இடைஞ்சலும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. எனவே எந்த அறை என்று கேட்காமல் விடுதியைத் தேர்ந்தெடுப்பது வீண்.

நான்கு விடுதிகளை அழைத்தேன். கீழ்த்தளத்தில் அறை உண்டா, சன்னல் எதை நோக்கித் திறக்கும், குளியலறை வாசலில் படி உள்ளதா, கார் வாசல்வரை வருமா எனக் கேட்டேன். மூன்று இடங்களில், “எல்லாம் வசதியாக இருக்கும்” என்ற பதிலே கிடைத்தது. நான்காவது விடுதியின் உரிமையாளரான சீனப் பெண்மணி, மலாய்மொழியில் பொறுமையாகப் பேசினார். “மாடியறைதான் அழகு. ஆனால் உங்கள் அம்மாவுக்குக் கீழே முற்றத்தருகில் உள்ள அறைதான் சரி. பக்கத்தில் சமையலறை, காலை ஆறரை மணிக்கே பாத்திரச் சத்தம் கேட்கும். பரவாயில்லையா?” என்றார். குறையைத் தாமே முன்வந்து சொன்ன அவரிடமே பதிவு செய்தேன்.

இரயிலில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து பெர்ரியில் கடலைக் கடந்தோம். 2023இல் அறிமுகமான புதிய பெர்ரிகளில் கார்களை ஏற்றுவதில்லை. எங்களுக்கோ அது குறையாகப் படவில்லை. தீவு நெருங்க நெருங்க, என் தாயார் இருக்கையில் அமராமல் நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் பாத்திரச் சத்தம் கேட்கும் முன்னரே அவர் எழுந்து, குளித்து, புடைவை உடுத்தித் தயாராக இருந்தார். கோயில் ஐந்து நிமிட நடை. அஞ்சடிகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. சில இடங்களில் மோட்டார் சைக்கிள்கள் வழியை மறித்து நின்றதால் சாலையில் இறங்கி நடந்தோம். என் மகள் பாட்டியின் கையை விடவில்லை.

அன்று மாலை முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, என் தாயார் மாடியை அண்ணாந்து பார்த்தார். “இப்படி ஒரு வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். பலகைத் தடுப்புக்கு இந்தப்பக்கம் நாங்கள் எழுவர், அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம்” என்றார். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தகைய குடும்பங்களைக் குறைந்த வாடகையில் வாழவைத்தது. 1999 இறுதியில் அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்ததும் பலர் வெளியேறினர். என் மாமாவின் குடும்பமும் அப்படித்தான் பெருநிலத்திற்குச் சென்றது. 2008இல் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபின், அவ்வாறான வீடுகள் பல விடுதிகளாயின. நாம் ‘அழகு’ என்று படமெடுக்கும் படிகளில், என் தாயார் சிறுமியாக நீர்வாளி சுமந்து ஏறியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பெற்றோர்களே, குடும்பச் சுற்றுலாவுக்கு விடுதி தேடும்போது, நம்முள் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருக்கு ஏற்ற அறை கிடைத்தால் மற்றவர்களுக்கு அது எப்படியும் போதும். ஆசிரியர்களே, விடுமுறைக் கட்டுரையைத் திருத்தும்போது, பிழையில்லாத வாக்கியங்களையும் சற்று நின்று படியுங்கள்.

இவ்வாண்டு என் மகள் எழுதிய கட்டுரையிலும் ஒரு வரி உண்டு: “பாட்டி எங்களுக்கு முன்னால் நடந்தார்.” உண்மையில் அவர் எங்களுக்குப் பின்னால்தான் நடந்தார். நான் அதைத் திருத்தவில்லை.