தகுதி வேற, பொருத்தம் வேறயாம்

தீபாவளிக்கு சங்கரன்கோவில் போயிருந்தப்ப அப்பா திடீர்னு கேட்டார்.

"ஏல, ஒங்க கம்பெனில ஒருத்தன வேலைக்கு எடுக்க எத்தன இன்டர்வியூ?"

"நாலுப்பா."

"ஐகோர்ட்டு ஜட்ஜுக்கு?"

முழிச்சேன். எங்க வரப்புத் தகராறு மதுரைக் கிளையில அப்பீல்ல கிடக்கு. அந்தக் கவலை அவருக்கு. பேச்சு விக்டோரியா கௌரி நியமனத்துல வந்து நின்னுச்சு. ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன்.

2023 ஜனவரி 17-ல கொலீஜியம் அவங்க பேரைச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் பரிந்துரை பண்ணுச்சு. அப்ப அவங்க மதுரைக் கிளையில மத்திய அரசு வக்கீல். வக்கீல்கள் 21 பேர் ஜனாதிபதிக்கும் கொலீஜியத்துக்கும் எதிர்ப்புக் கடிதம் எழுதுனாங்க. பா.ஜ.க. மகளிரணியில இருந்தது பிரச்சினையில்ல, கிறிஸ்தவங்க, முஸ்லிம்கள் பத்தி அவங்க குடுத்த பேட்டிகள்தான் பிரச்சினைன்னு எதிர்ப்பாளர்கள் வாதம். ஆதரிச்சு எழுதுன வக்கீல்களும் உண்டு.

பிப்ரவரி 6-ல நியமனம் வந்துருச்சு. அன்னைக்கே தலைமை நீதிபதி சந்திரசூட், பரிந்துரைக்கு அப்புறம் சில விஷயங்கள் கவனத்துக்கு வந்திருக்குன்னு சொன்னார். மறுநாள் காலைல சஞ்சீவ் கன்னா, கவாய் அமர்வு முன்னாடி வழக்கு. டெல்லியில வாதம் ஓடிட்டிருக்கும்போதே சென்னையில பதவியேற்பு! மனு தள்ளுபடி. இதெல்லாம் கொலீஜியத்துக்குத் தெரியாதுன்னு எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க.

முந்தின நாள் அப்புறமாத்தான் தெரிஞ்சுது, மறுநாள் தெரியாதுன்னு சொல்ல முடியாது. எங்க டீம்ல இப்படி ரெண்டு பதில் சொன்னா மேனேஜர் தொலைச்சிருவார் :-)

கோர்ட் சொன்ன காரணம் இதுதான். தகுதி இருக்கான்னு கோர்ட் பாக்கலாம். பத்து வருஷம் உயர்நீதிமன்ற வக்கீலா இருந்தாங்களா, அந்த மாதிரி. 1992-ல கௌஹாத்தி உயர்நீதிமன்றத்துக்குப் போட்ட ஒருத்தரோட நியமனத்தை அப்படித்தான் ரத்து பண்ணாங்க. ஆனா பொருத்தமானவரான்னு கொலீஜியம்தான் பாக்கணும். சரி, அதை எப்படிப் பாக்குறாங்க?

அதே ஜனவரி 17-ல ஜான் சத்யன்ங்கிற சென்னை வக்கீல் பேரையும் கொலீஜியம் ரெண்டாவது தடவையா அனுப்புச்சு. பிரதமரை விமர்சிச்ச ஒரு கட்டுரையைப் பகிர்ந்தாருன்னு உளவுத்துறை அறிக்கை. அதெல்லாம் தடையில்லன்னு கொலீஜியமே எழுதியும், அவருக்குப் பின்னாடி பரிந்துரையானவங்க முந்திட்டாங்க. மார்ச் 21-ல கொலீஜியம் அதைக் கவலையோட பதிவும் பண்ணுச்சு. விக்டோரியா கௌரி 2024-ல நிரந்தர நீதிபதியே ஆயிட்டாங்க.

ஒருத்தர் பகிர்ந்தது கண்ணுக்குப் படுது, இன்னொருத்தர் பேசுனது படல. எந்த உரைகல்லுன்னு வெளிய யாருக்கும் தெரியாது. எனக்கு உறுத்துறது இதுதான்.

காலைல அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா நேர்மையாவே தீர்ப்பு சொல்லலாம்ப்பா, நமக்கென்னன்னும் சொன்னேன்.

எங்க எதிர்த்தரப்பு பக்கத்து வயக்காரர். கிறிஸ்தவர். நாப்பது வருஷப் பழக்கம், வரப்புலதான் சண்டை. அப்பா கொஞ்ச நேரம் பேசல.

"சொல்லலாம்ல. ஆனா நம்ம கேஸு அங்க போயி, நாமளே ஜெயிச்சோம்னு வையி. நியாயத்துல ஜெயிச்சோம்னு அவன் நம்புவானா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வக்கீல் பதிவர்கள் யாராச்சும் சொல்லுங்க.