யாரிடம் கேட்கிறோம் சான்று?

பழங்கதைகளுக்கு மண்ணிலும் கல்லிலும் சான்று தேடும் விவரணப் படங்கள் பெருகிவிட்டன. நோவாவின் பேழை எங்கே, எரிக்கோவின் மதில் எங்கே என்று மேல்நாட்டார் தொடங்கிய அந்த வேட்டை, நமது கண்டிச் சீமைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடை அனுமன் கோயில் நிற்கிறது. அப்பால் சீதா எலியவின் ஓடைப் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடுகள் என்கிறார்கள். அயலிலுள்ள கரிய மண்ணை இலங்கை எரிந்த சாம்பல் என்கிறார்கள்.

"விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்களாமே, சேர்?" என்று எம் மாணவர் கேட்கின்றனர். அவர்கள் கண்டது, 2017ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று வெளியிட்ட விளம்பரத் துணுக்கு. இராமர் பாலத்துக் கற்கள் 7,000 ஆண்டுப் பழமையானவை, அடியிலுள்ள மணலோ 4,000 ஆண்டுப் பழமையானது, ஆகவே மனிதர் சுமந்து வைத்த கற்கள் என்பது அதன் வாதம். கல்லின் வயது அது தோன்றிய காலத்தைச் சொல்லுமேயன்றி, அதனைக் கொணர்ந்தது கையா, கடலா என்று சொல்லாது. அதே திட்டினை வேறு சிலர் ஆதாம் பாலம் என்கின்றனர். மணல் இரு சாராருக்கும் மறுமொழி கூறவில்லை.

உண்மையான ஆராய்ச்சியின் போக்கு வேறு. 1930களில் எரிக்கோவை அகழ்ந்த கார்ஸ்டாங், யோசுவா காலத்தில் வீழ்ந்த மதிலைக் கண்டதாக அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அங்கேயே மீண்டும் அகழ்ந்த கத்லீன் கென்யன், அம்மதில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்று நிறுவினார். தன் முடிவைத் தானே திருத்திக்கொள்வது விஞ்ஞானம். முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றுக்கு அலைவது இப்படங்களின் தொழில்.

சீதையின் துயரம் நம் நெஞ்சைத் தொடுவதற்குக் கரிய மண் வேண்டியதில்லை. எம்மை வருத்துவது வேறொன்று. அதே பாதையின் இருமருங்கிலும் தேயிலை மலைகள் நிற்கின்றன. மன்னாரிலிருந்து மாத்தளை வழியே கால்நடையாக வந்தோர், பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர், கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காட்டை வெட்டியோர் ஆகியோரின் சந்ததியார் இங்கே வாழ்கின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களிடம் சான்று கேட்டது: தந்தை இங்கே பிறந்தாரா? அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா? பத்திரம் எங்கே? லயன் அறையில் பிறந்த பலருக்குப் பத்திரமே இருந்ததில்லை. பல்லாயிரவர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

பாறைக் குழியைச் சான்றென ஏற்கும் உலகம், மலையையே தோட்டமாக்கிய கைகளைச் சான்றென ஏற்கவில்லை! அவ்வழிநடைச் சாவுகளைத் தேடி எத்தனை படக்கருவிகள் வந்தன?

மாணவ நண்பர்களே, தேடுங்கள், தேடுதல் நன்று. பாட்டிமாரின் நினைவுகளை எழுதிவையுங்கள். பழைய துண்டுச் சீட்டுகளையும் தோட்டப் பதிவேடுகளையும் செல்லரிக்குமுன் காப்பாற்றுங்கள். தோண்டப்படாத வரலாறு நம் காலடியிலேயே கிடக்கிறது.